கர்ப்பகால உடையும் உடற்பயிற்சியும்: இங்கிலாந்தின் அனுபவம் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

கர்ப்பிணிப் பெண் எத்தகைய உடையை அணிய வேண்டும், எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், எப்பொழுது ஓய்வெடுக்க வேண்டும் என்பன மருத்துவரும் மருத்துவமாதும் கூறவேண்டிய ஆலோசனைகள் என்றே பொதுவாகக் கருதப்படுகின்றன. வரலாற்று மாணவர் இவற்றின்பால் கவனஞ் செலுத்துவது அரிது. ஆயினும் உடலைப் பற்றிய கருத்துக்கள் சமூகத்துக்கு அப்பால் நின்று தோன்றுவனவல்ல. யாருடைய உடலுக்கு ஓய்வு விதிக்கப்பட்டது, யாருடைய உடல் இறுதி நாள்வரை வேலை செய்ய விடப்பட்டது என்பன அந்தச் சமூகத்தின் உற்பத்தி உறவுகளோடு நெருங்கிய தொடர்புடையன.

இக்கட்டுரையில் நாம் 19ஆம் நூற்றாண்டு தொடக்கம் அண்மைக்காலம் வரையுள்ள இங்கிலாந்தின் அனுபவத்தை நோக்குவோம். தேவையான இடங்களில் ஐக்கிய அமெரிக்காவின் நிலையும் சுட்டப்படும். இறுக்கமற்ற உடையும் அளவான உடலசைவும் கர்ப்பிணிக்கு நன்மை தருவன என்ற அறிவு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே அச்சில் வெளிவந்துவிட்டது. அவ்வாறாயின், பெரும்பான்மையான பெண்களின் வாழ்வில் அது நடைமுறைக்கு வர ஏன் இத்துணைக் காலம் சென்றது என்பதே நாம் இங்கு எழுப்பும் வினாவாகும்.

1. கோர்செற்றும் அதன் எதிர்ப்பாளரும்

19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியப் பெண்ணுடை கோர்செற் எனப்படும் இறுக்கு கச்சினை அடிப்படையாகக் கொண்டிருந்தது. திமிங்கில எலும்பும் உருக்குப் பட்டியும் வைத்துத் தைக்கப்பட்ட இக்கச்சு, 1820களின் இறுதியில் உலோகக் கண்வளையங்கள் வழக்கிற்கு வந்ததும் முன்னரிலும் வலுவாக இழுத்துக் கட்டத்தக்கதாயிற்று. கர்ப்பிணிகளும் இதனைக் கைவிடவில்லை. வயிறு பெருக்கப் பெருக்கத் தளர்த்தக்கூடியவாறு இரு பக்கங்களிலும் கயிறு கோத்த கர்ப்பகாலக் கோர்செற்றுகள் விற்பனைக்கு வந்தன. உடலைத் தாங்குவது அவற்றின் நோக்கமெனக் கூறப்பட்டது. கர்ப்பத்தைப் பிறர் கண்ணுக்குப் புலப்படாது மறைப்பதும் அவற்றின் பயன்களுள் ஒன்றாக இருந்தது.

இதற்கு எதிரான மருத்துவக் குரல் புதியதன்று. ஜேர்மானிய உடற்கூற்றியல் அறிஞர் சொம்மெறிங் 1788ஆம் ஆண்டிலேயே இறுக்கு கச்சின் தீங்குகள் பற்றி எழுதியிருந்தார். இங்கிலாந்தில் தோமஸ் புல் 1837இல் தாய்மாருக்கு எழுதிய கைநூலும், பேர்மிங்காம் அறுவை மருத்துவர் பை ஹென்றி சவாஸ் மனைவியருக்கு எழுதிப் பல பதிப்புக்கள் கண்ட ஆலோசனை நூலும் கர்ப்பகாலத்தில் இறுக்கமான உடையைத் தவிர்க்குமாறு வலியுறுத்தின. இம்மருத்துவர்கள் கோர்செற்றின்மீது சுமத்திய குற்றங்கள் அனைத்தும் நிறுவப்பட்டவை அல்ல என்பதும் மனங்கொள்ளத்தக்கது. பெண்களின் பல நோய்களுக்கு அவர்களது நாகரிக மோகமே காரணம் என்று அறிவுரை கூறும் போக்கும் அவர்களிடம் காணப்பட்டது.

1881இல் இலண்டனில் ஹார்பர்ட்டன் சீமாட்டியின் தலைமையில் தோன்றிய பகுத்தறிவு உடைச் சங்கம் இவ்வினாவை மருத்துவ நூலிலிருந்து பொது விவாதத்துக்குக் கொணர்ந்தது. பெண்களின் உள்ளுடைகளின் மொத்த நிறை 7 இறாத்தலுக்கு மேற்படலாகாது என அச்சங்கம் கோரியது. அதுவே சீர்திருத்தவாதிகள் ஏற்றுக்கொண்ட உச்ச எல்லை எனின், அதற்குமுன் பெண்ணின் இடுப்பும் தோளும் தாங்கிய சுமையை நாம் ஊகித்துக்கொள்ளலாம். எனினும் இவ்வியக்கம் மேல்தட்டு, நடுத்தர வகுப்புப் பெண்களின் இயக்கமாகவே இருந்தது. உடையை மாற்றிக்கொள்ளப் பணமும் ஓய்வும் உடையவர்களின் வினாவாகவே உடைச் சீர்திருத்தம் அமைந்துவிட்டது.

2. 'உழைக்கும் பெண்ணுக்கு இலகுவான பேறு' என்ற கருத்து

சவாஸின் நூலில் உடற்பயிற்சி பற்றிய பகுதி எமது நோக்கிற்கு மிக முக்கியமானது. நாள் முழுவதும் சாய்வு நாற்காலியில் கிடக்கும் செல்வப் பெண்ணுக்குப் பேறு கடினமாகும் என்றும், வயிற்றுப்பாட்டுக்காக உழைக்கும் ஏழைப் பெண்ணுக்கு அது இலகுவாகும் என்றும் அவர் கருதினார். முதற்பகுதியில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் இரண்டாவது பகுதி, உழைப்பாளிப் பெண்ணின் நிலையை மாற்றவேண்டிய தேவையே இல்லை என்ற முடிவுக்கு வாசகரை இட்டுச் செல்கின்றது.

உண்மை நிலை வேறாயிருந்தது. புகை மண்டிய தொழில் நகரங்களில் வெயிலும் போதிய உணவுமின்றி வளர்ந்த பெண்பிள்ளைகளை என்புருக்கி நோய் பீடித்தது. அவர்கள் வளர்ந்து கர்ப்பமுற்றபோது உருச்சிதைந்த இடுப்பெலும்பு பிள்ளைக்கு வழிவிடவில்லை. கிளாஸ்கோ நகரில் 1888இல் மேர்டொக் கமரன் என்ற மருத்துவர் சிசேரியன் அறுவையை வெற்றிகரமாகச் செய்யத் தொடங்கியது இத்தகைய பெண்களுக்கே ஆகும். இவர்கள் சோம்பியிருந்தவர்கள் அல்லர். கடும் உழைப்பு உடலுக்குத் தானாகவே வலுவூட்டும் என்ற கருத்தை இச்சான்று ஒன்றே மறுக்கப் போதுமானது.

இதன் மறுபக்கத்தைக் காஷ்மீரில் பணியாற்றிய கத்லீன் வோன் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் கண்டார். பர்தா வழக்கத்தினால் வெளிச்சமற்ற வீடுகளுள் அடைபட்ட பெண்களிடையே என்புமென்மை நோய் மிகுந்திருந்ததையும், வெயிலில் நடமாடிய படகோட்டிக் குடும்பப் பெண்கள் அதிலிருந்து தப்பியதையும் ஒப்புநோக்கி, 1928இல் அவர் நூலொன்று வெளியிட்டார். கிளாஸ்கோவின் தொழிலாளிப் பெண்ணையும் காஷ்மீரின் அடைபட்ட பெண்ணையும் ஒரே வகைக் குறைபாடு தாக்கியது. முன்னவரை வறுமையும் புகையும், பின்னவரை வழக்காறும் வெயிலினின்று விலக்கிவைத்தன.

3. 1915ஆம் ஆண்டின் கடிதங்கள்

ஏழைப் பெண்ணைப் பற்றி மருத்துவர் பேசிய நிலை மாறி, அப்பெண்ணே பேசத் தொடங்கிய ஆவணம் என்ற வகையில் 1915இல் வெளிவந்த 'தாய்மை: உழைக்கும் பெண்களின் கடிதங்கள்' என்ற தொகுப்பு தனிச்சிறப்புடையது. 1883இல் தோன்றிய பெண்கள் கூட்டுறவுச் சங்கம், தன் உறுப்பினரிடமிருந்து பெற்ற கடிதங்களுள் 160இனை இத்தொகுப்பில் வெளியிட்டது. அச்சங்கத்தின் பொதுச் செயலாளராக 1889 முதல் 1921 வரை பணியாற்றிய மார்கறெற் லுவலின் டேவிஸ் இதனைத் தொகுத்தார்.

சலவைத் தொட்டியருகே மணிக்கணக்காக நின்றமை, வலி காணும் நாள்வரை வேலை செய்தமை, கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் உணவிட்டுத் தாம் குறைத்து உண்டமை, பேற்றின் பின் சில நாட்களிலேயே எழுந்து பணிக்குத் திரும்பியமை ஆகியன இக்கடிதங்களில் மீண்டும் மீண்டும் வருகின்றன. தம் உடலைப் பற்றி எவரும் தமக்கு எதுவும் சொல்லித்தரவில்லை என்ற முறைப்பாடும் பலராற் கூறப்படுகின்றது. இவர்களுட் பலர் சமூகத்தின் அடித்தட்டினர் அல்லர். ஓரளவு நிலையான வருமானமுடைய தொழிலாளர் குடும்பத்தினர். அவர்களது நிலையே இதுவாயின், அவர்களுக்குக் கீழிருந்தோரின் நிலையைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

இச்சங்கம் கடிதங்களைத் தொகுத்ததோடு அமையவில்லை. 1911ஆம் ஆண்டுத் தேசியக் காப்புறுதிச் சட்டம் வழங்கிய 30 சிலிங் பேற்றுக்காலக் கொடுப்பனவு மனைவியின் உடைமையாதல் வேண்டும் எனக் கிளர்ச்சி செய்து, 1913இல் அதனைச் சட்டமாக்குவித்தது. 1918இல் தாய் சேய் நலச் சட்டம் நிறைவேறியது. உலகத் தொழிலாளர் தாபனத்தின் 1919ஆம் ஆண்டு 3ஆம் இலக்கச் சமவாயம், பேற்றின் பின் ஆறு வாரம் பெண்ணை வேலைக்கு அமர்த்தலாகாது என்ற விதியைச் சர்வதேச நியமமாக்கிற்று. கர்ப்பிணியின் ஓய்வு இவ்வாறு தொழிலாளர் உரிமைகளுள் ஒன்றாகப் பரிணமித்தது.

4. சந்தைக்கு வந்த கர்ப்பகால உடை

உடைத் துறையில் மாற்றம் வேறொரு வழியால் வந்தது. லித்துவேனியாவிலிருந்து நியூயோர்க்கிற்குக் குடிபெயர்ந்த யூதப் பெண்ணான லீனா பிறையன்ற், கணவனை இழந்தபின் தையல் தொழிலால் வாழ்ந்தவர். 1904இல் கடையொன்றை ஆரம்பித்த அவர், வாடிக்கைப் பெண்ணொருவரின் வேண்டுகோளுக்கிணங்க இடுப்பில் இழுபடும் பட்டி வைத்த கர்ப்பகால உடையொன்றைத் தைத்தார். அவ்வுடைக்குக் கேள்வி பெருகியபோதிலும் பத்திரிகைகள் அதன் விளம்பரத்தை ஏற்க மறுத்தன. கர்ப்பத்தைச் சுட்டும் சொல்லே அச்சேறத் தகாததெனக் கருதப்பட்ட காலம் அது. 1911இல் நியூயோர்க் ஹெறல்ட் முதன்முதலில் அவ்விளம்பரத்தை வெளியிட்டதும், கடையிலிருந்த உடைகள் மறுநாளே விற்றுத் தீர்ந்தன. 1938இல் டல்லாஸ் நகரில் பிராங்பேட் சகோதரியர் தொடங்கிய நிறுவனம், வயிற்றுப் பகுதியில் துணியை வெட்டி நீக்கி மேற்சட்டையால் மறைக்கும் பாவாடையை விற்பனைக்குக் கொணர்ந்தது. அலுவலகத்துக்குச் செல்லும் கர்ப்பிணிக்கு இது பெரிதும் பயன்பட்டது.

சந்தை இங்கு ஒரு முற்போக்கான பங்கினை வகித்தது என்பதை நாம் மறுத்தலாகாது. சீர்திருத்தச் சங்கங்களின் பரப்புரையாற் கிட்டாத உடையை அது உற்பத்தி செய்தது. ஆனால் வாங்கும் ஆற்றல் உடையோருக்கே அது கிட்டிற்று. சில மாதங்களுக்கு மட்டும் பயன்படும் ஆடையைத் தொழிலாளிப் பெண் வாங்குவதற்கில்லை. பழைய பாவாடையின் இடுப்பைப் பிரித்து ஒட்டுப்போட்டு அணிவதே அவளது வழியாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது 1941இல் பிரித்தானியாவில் ஆடைப் பங்கீடு வந்தபொழுது கர்ப்பிணிகளுக்கு மேலதிகக் கூப்பன்கள் ஒதுக்கப்பட்டன. அவர்களது தேவையை அரசு பொதுத் தேவையாக ஏற்றுக்கொண்ட சந்தர்ப்பம் என்ற வகையில் அது குறிப்பிடத்தக்கதாகும்.

5. பயிற்சி மருத்துவத்துள் நுழைதல்

இலண்டன் சென். தோமஸ் மருத்துவமனையில் மினி றாண்டல், பிள்ளை பெற்ற தாய்மாருக்கான உடற்பயிற்சிகளை 1912 அளவில் ஆரம்பித்தார். நடனக் கலைஞரான மார்கறெற் மொறிஸ் அவரோடு இணைந்து பணியாற்றி, 1936இல் இப்பயிற்சிகள் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். 1933இல் 'இயற்கைப் பேறு' என்ற நூலை எழுதிய கிறான்ற்லி டிக்-றீட், அச்சமே வலியை மிகுவிக்கின்றது என்று வாதிட்டு, மூச்சுப் பயிற்சியையும் தசைத் தளர்வையும் கர்ப்பிணிகளுக்குக் கற்பிக்கவேண்டும் என்றார். அவரது கருத்துக்களால் ஊக்கம்பெற்ற இயக்கம் 1956இல் அமைப்பு வடிவம் பெற்றது.

இவ்வியக்கத்தின் பயனை மிகைப்படுத்துதலும் தவறாகும். இங்கிலாந்தில் 1930களின் நடுப்பகுதிவரை ஆயிரம் பேறுகளுக்கு ஏறத்தாழ 4 தாய்மார் இறந்தனர். அவ்விகிதம் விரைந்து வீழ்ந்தமைக்கு 1930களின் பிற்பகுதியில் வந்த சல்பா மருந்துகளும், பின்னர் பெனிசிலினும் இரத்தமேற்றும் வசதியும், பயிற்சிபெற்ற மருத்துவமாதர் சேவையுமே முதன்மைக் காரணிகளாகும்.

மருத்துவத் துறையின் நிலைப்பாடும் மாறாதிருக்கவில்லை. அமெரிக்க மகப்பேற்று மருத்துவர் கல்லூரி 1985இல் கர்ப்பிணியின் இதயத்துடிப்பு பயிற்சியின்போது நிமிடத்துக்கு 140இனை விஞ்சலாகாது என எல்லை விதித்தது. 1994இல் அவ்வெல்லையைக் கைவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல், மருத்துவத் தடையில்லாத கர்ப்பிணிகள் வாரமொன்றுக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் எனக் கூறுகின்றது. அதேவேளை, நீண்ட நேரம் நின்று செய்யும் வேலையும் பாரந்தூக்கும் வேலையும் குறைமாதப் பேற்றோடு தொடர்புடையன எனத் தொழில்சார் ஆய்வுகள் காட்டியுள்ளன. தானே தெரிந்து மேற்கொள்ளும் பயிற்சியும் கூலிக்காகச் செய்யும் கடும் உழைப்பும் ஒன்றல்ல என்பதை இவ்வாய்வுகளால் மருத்துவமும் இன்று ஏற்றுக்கொள்கின்றது. 1915இற் கடிதமெழுதிய பெண்கள் தம் அனுபவத்தால் அறிந்திருந்தது இதுவேயாகும்.

6. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகின்றது. நல்லாலோசனை எக்காலத்தும் இருந்தது; அதனைப் பின்பற்றுவதற்கான நேரம், வருமானம், சட்டப் பாதுகாப்பு ஆகியனவே இல்லாதிருந்தன. அவை அமைப்புரீதியாகத் திரண்ட பெண்களின் போராட்டத்தாற் பெறப்பட்டன.

எமது நாட்டுக்கும் இவ்வரலாற்றோடு நேரடித் தொடர்புண்டு. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளரையும் உள்ளடக்கியது. மூன்றாம் பிள்ளைக்கும் அதன்பின் பிறக்கும் பிள்ளைகளுக்கும் 84 நாள் விடுமுறை என்ற உரிமை 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தினாலேயே அச்சட்டத்தில் இடம்பெற்றது. மலைச்சரிவில் நின்று கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இடுப்பிற் கட்டிய படங்கும் தலையிலிருந்து தொங்கும் கூடையுமே தொழிலுடையாகும். கர்ப்பத்தின் எம்மாதம்வரை அவள் அவ்வுடையோடு மலையேறினாள், எவர் சொல்லி இறங்கினாள் என்பன அவளது வாய்மொழியாகவே திரட்டப்படவேண்டியவை. இங்கிலாந்தில் 1915இல் ஒரு கூட்டுறவுச் சங்கம் செய்த அப்பணியை இங்கு மேற்கொள்ளல் எமது ஆய்வாளருக்கும் மாணவர் சங்கங்களுக்கும் உரிய பொறுப்பாகும்.