மசகெண்ணெயின் மூலம்: இலங்கையின் பெற்றோலிய வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1

பெற்றோல் விற்கும் கம்பனிகள் தமக்கு வேண்டிய மசகெண்ணெயை எங்கிருந்து பெறுகின்றன என்ற வினா, மேலோட்டமாக நோக்குவார்க்குப் புவியியல் வினாவாகவே தோன்றும். ஈரான், ஈராக், சவூதி அரேபியா, இரசியா என நாடுகளின் பெயர்களை நிரற்படுத்திவிட்டால் விடை கிடைத்துவிட்டதென்று எண்ணுவதும் இயல்பே. ஆயின் ஒரு நாட்டின் விளக்கில் எரியும் எண்ணெய் எந்நிலத்திலிருந்து வரவேண்டுமென்பதை நிலவியல் தீர்மானித்ததில்லை. அதனைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது, அது எவ்வாறு கைமாறியது என்பதே வரலாற்று மாணவன் எழுப்பவேண்டிய வினாவாகும். மசகெண்ணெய் வளமற்ற, அந்நிய எண்ணெயிலேயே முற்றாகத் தங்கிநிற்கும் இலங்கையின் அனுபவம் இவ்வினாவுக்கு விடைகாண்பதற்குப் பெரிதும் துணைபுரிவதாகும்.

பண்டமானது தன்னை ஆக்கிய உழைப்பையும் உறவுகளையும் மறைத்துக்கொண்டே சந்தைக்கு வருகிறது என்பது மார்க்சிய அரசியற் பொருளாதாரத்தின் அடிப்படைக் கருத்துக்களுள் ஒன்று. பெற்றோலைப் போல இவ்வியல்பை நிறைவாக வெளிப்படுத்தும் பண்டம் பிறிதொன்றில்லை எனலாம். துணியில் நெசவையும் அரிசியில் மண்ணையும் ஓரளவேனும் காணலாம். பெற்றோலிலோ அதன் பிறந்தகம் சற்றும் தெரிவதில்லை. நுகர்வோன் காண்பது கம்பனியின் பெயர்ப்பலகையை மட்டுமே.

2

ஆசியாவின் எண்ணெய் வர்த்தகம் விளக்கெரிக்கும் மண்ணெண்ணெயுடன் தொடங்கியது. அமெரிக்க ஸ்ராண்டர்ட் ஒயில் கம்பனியின் ஆதிக்கத்துக்குப் போட்டியாக மார்க்கஸ் சாமுவேல் என்ற இலண்டன் வணிகர் 1892 ஆம் ஆண்டு 'மியூரெக்ஸ்' என்னும் எண்ணெய்க்கப்பலைச் சுயஸ் கால்வாயின் வழியே கிழக்கு நோக்கி அனுப்பினார். கருங்கடற் கரையிலுள்ள பட்டூமியில் ஏற்றப்பட்ட அவ்வெண்ணெய், இரசியப் பேரரசின் பாக்கு வயல்களிற் பெறப்பட்டதாகும். பின்னாளில் ஷெல் என அறியப்பட்ட பெருநிறுவனத்தின் ஆசிய வணிகம் இரசிய எண்ணெயின்மீதே கட்டியெழுப்பப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. எழுபது ஆண்டுகளின் பின் அதே நிறுவனம் இரசிய எண்ணெயை எவ்வாறு நோக்கிற்று என்பதைக் கீழே காண்போம்.

1901 இல் வில்லியம் நொக்ஸ் டார்சி ஈரானிற் பெற்ற 60 ஆண்டுக் குத்தகையும், 1908 இல் மஸ்ஜித் சுலைமானிற் கண்ட எண்ணெய்க் கிணறும், 1909 இல் நிறுவப்பட்ட ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பனியும், 1914 இல் பிரித்தானிய அரசாங்கம் அக்கம்பனியிற் பெரும்பான்மைப் பங்கை வாங்கியமையும் எண்ணெயின் மூலத்தை ஏகாதிபத்திய அரசின் நேரடி அக்கறைக்குரிய விடயமாக்கின. 1928 இல் ஸ்கொத்லாந்தின் அக்னகரி மாளிகையிற் கூடிய ரோயல் டச்சு ஷெல், ஆங்கிலோ-பாரசீகம், நியூ ஜேர்சி ஸ்ராண்டர்ட் ஆகியவற்றின் தலைவர்கள், சந்தைகளை உள்ளவாறே பங்கிட்டுக்கொள்ள இணங்கினர்.

இக்காலத்து விலைமுறை கூர்ந்து நோக்கத்தக்கது. எண்ணெய் எங்கே எடுக்கப்பட்டாலும், அது மெக்சிக்கோ வளைகுடாவிலிருந்து வந்ததாகக் கருதி, அவ்விடத்து விலையுடன் அங்கிருந்து வரும் கப்பற் கூலியையும் கூட்டியே விலை குறிக்கப்பட்டது. அண்மையிலுள்ள அபதானிலிருந்து எண்ணெயைப் பெற்ற நாடும், ஓடாத கப்பலின் கூலியைச் செலுத்தியது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் தன் போர்க்கப்பல்களுக்கும் இவ்வாறே விலை அறவிடப்படுவதைக் கண்ட பிரித்தானிய அரசாங்கமே அதனை ஆட்சேபிக்க நேர்ந்தது. எண்ணெயின் மூலம் கணக்கேட்டில் ஓரிடமாகவும் மெய்யில் வேறிடமாகவும் இருக்கலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

குடியேற்றவாதக் காலத்திலும் சுதந்திரத்தின் பின்னரும் இலங்கையின் சந்தையைப் பங்கிட்டுக்கொண்ட ஷெல், கல்டெக்ஸ், ஸ்ராண்டர்ட் வக்கூம் ஆகிய மூன்றும் இவ்வமைப்பின் கிளைகளே. கிணறு, குழாய், சுத்திகரிப்பு நிலையம், கப்பல், களஞ்சியம், விற்பனை நிலையம் யாவும் ஒரே கையில் இருந்தன. 1936 இல் உருவான கல்டெக்ஸ், பஹ்ரெயின் எண்ணெய்க்குச் சந்தை தேடப் பிறந்தது. 1933 இல் உருவான ஸ்ராண்டர்ட் வக்கூம், சுமாத்திராவின் கிணறுகளை ஆசியாவின் சந்தைகளோடு பிணைக்கத் தோன்றியது. சுத்திகரிப்பு நிலையம் அற்றிருந்த இலங்கை, முடிவுற்ற பண்டத்தையே இறக்குமதி செய்தது. கம்பனி தன் உடன்பிறப்பிடம் வாங்கித் தானே விலை குறித்தது. 'வாங்குதல்' என்ற சொல்லே இங்கு ஒருவகைப் புனைவாகும்.

3

இவ்வமைப்பை முதலில் அசைத்தது ஈரான். 1946 இல் கூசிஸ்தான் எண்ணெய்த் தொழிலாளரின் பெருவேலைநிறுத்தம், மூலம் என்பது வெறும் நிலமன்று, அது உழைக்கும் மனிதரும் ஆகும் என்பதை உலகுக்கு உணர்த்தியது. 1951 இல் மொசாடெக் எண்ணெய்த் தொழிலைத் தேசியமயமாக்கினார். கம்பனிகள் ஈரானிய எண்ணெயைப் பகிஷ்கரித்தன. 1952 இல் அதனை ஏற்றிச்சென்ற 'றோஸ் மேரி' என்னும் கப்பல் ஏடனில் தடுத்துவைக்கப்பட்டது. குவைத்திலும் சவூதி அரேபியாவிலும் ஈராக்கிலும் உற்பத்தியைப் பெருக்கிக் கம்பனிகள் குறையை நிரவின. 1953 ஓகஸ்டில் அமெரிக்க, பிரித்தானிய உளவு நிறுவனங்களின் துணையுடன் மொசாடெக் வீழ்த்தப்பட்டார். 1954 இல் ஈரானிய எண்ணெய் மேற்குநாட்டுக் கம்பனிகளின் கூட்டமைப்பொன்றின் கைக்கு மீண்டது. கிணற்றை உடைமையாகக் கொண்டும் சந்தையை இழந்தவன் வலுவிழந்தவனே என்ற பாடம் இங்குப் பெறப்பட்டது.

மறுதலையாக, சந்தையை உடைய நாடுகள் மூலத்தைத் தாமே தெரிவு செய்ய முடியுமா என்ற வினா 1960 இல் எழுந்தது. சோவியத் யூனியன் குறைந்த விலையில் மசகெண்ணெய் வழங்க முன்வந்தபோது, இந்தியாவிலிருந்த அந்நியச் சுத்திகரிப்பு நிலையங்கள் அதனைச் சுத்திகரிக்க மறுத்தன. 1950களின் தொடக்கத்திற் செய்யப்பட்ட ஒப்பந்தங்கள், தமக்கு விருப்பமான மூலத்திலிருந்து மசகெண்ணெயைத் தருவிக்கும் உரிமையை அவற்றுக்கு வழங்கியிருந்தன. அதே ஆண்டில் கியூபாவிலும் டெக்சாக்கோ, எஸ்ஸோ, ஷெல் ஆகியன மறுத்தன. கியூபா அந்நிலையங்களைக் கையேற்றது. பாக்கு எண்ணெயால் வளர்ந்த ஷெல்லுக்கு இப்போது இரசிய எண்ணெய் தீண்டத்தகாததாயிற்று. மாறியது எண்ணெயின் தரமன்று, அதன் உடைமையே.

இப்பின்னணியிலேயே இலங்கையின் நடவடிக்கை வைத்து நோக்கப்படல் வேண்டும். 1961 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கத்தில் வர்த்தக அமைச்சராயிருந்த ரி. பி. இலங்கரத்தின இம்முயற்சியின் முதல்வராவார். 1962 இற் கம்பனிகளின் விற்பனை நிலையங்களிலும் களஞ்சியங்களிலும் ஒரு பகுதி கையேற்கப்பட்டது. சோவியத் யூனியன், ருமேனியா, எகிப்து ஆகிய நாடுகளிலிருந்து எண்ணெய் தருவிக்கப்பட்டது. நட்டஈடு பற்றிய பிணக்கு முற்றியதும், 1963 பெப்ரவரியில் அமெரிக்கா, ஹிக்கன்லூப்பர் திருத்தத்தின் கீழ் இலங்கைக்கான உதவியை நிறுத்தியது. அத்திருத்தம் முதன்முதற் பிரயோகிக்கப்பட்ட நாடு இச்சிறு தீவேயாகும். 1964 ஜனவரியில் இறக்குமதியும் உள்நாட்டு விநியோகமும் கூட்டுத்தாபனத்தின் ஏகபோகமாயின. 1965 இற் பதவிக்கு வந்த டட்லி சேனநாயக்கா அரசாங்கம் நட்டஈட்டு உடன்பாட்டைச் செய்து அமெரிக்க உதவியை மீளப்பெற்றது. ஆனால் கூட்டுத்தாபனத்தைக் கலைக்கவில்லை.

இதனைச் சோசலிசம் என்று கொண்டாடியோரும் உளர். வெறும் தேசிய முதலாளித்துவ நடவடிக்கை என்று ஒதுக்கியோரும் உளர். இரண்டும் குறைபாடுடையன. 1964 இல் உற்பத்தி உறவுகள் மாறவில்லை; விற்பனை நிலையத்தின் உடைமை மட்டுமே மாறியது. எனினும் எண்ணெயின் மூலத்தைத் தெரிவுசெய்யும் உரிமை முதன்முறையாகப் பாராளுமன்றத்தில் வினவப்படக்கூடிய ஒரு பொதுநிறுவனத்திடம் வந்தது. அவ்வரசியல் உரிமையின் பெறுமதியைக் குறைத்து மதிப்பிடலாகாது. அமெரிக்கா உதவியை நிறுத்தியது, இழந்த சில விற்பனை நிலையங்களுக்காக மட்டுமன்று. ஏனைய நாடுகளுக்கு அஃது எடுத்துக்காட்டாகிவிடும் என்ற அச்சத்தினாலுமாகும்.

4

தெரிவுரிமைக்கு ஓர் எல்லையும் இருந்தது. 1969 ஓகஸ்டிற் சப்புகஸ்கந்தவில் இத்தாலிய நிறுவனமொன்றினால் அமைக்கப்பட்ட சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. நாளொன்றுக்கு 38,000 பீப்பாய் கொள்ளளவுடன் தொடங்கிப் பின்னர் 50,000 ஆக விரிவாக்கப்பட்ட இந்நிலையம், ஈரானின் இலேசு மசகெண்ணெய்க்கு இசைவாக வடிவமைக்கப்பட்டது. மசகெண்ணெய் ஒருதன்மைத்தன்று. அடர்த்தியும் கந்தகமும் வயலுக்கு வயல் வேறுபடும். ஒருவகை எண்ணெய்க்கென அமைக்கப்பட்ட கோபுரங்களில் வேறுவகையை இட்டால், பெற்றோலும் டீசலும் குறைந்து உலையெண்ணெய் மிகும். முன்னர் ஒப்பந்தம் செய்த கட்டை இப்போது இரும்பே செய்தது.

1973 இறுதியில் நிகழ்ந்த விலையேற்றம் மற்றோர் எல்லையைக் காட்டிற்று. 1973 ஒக்டோபர் தொடக்கத்திற் பீப்பாய்க்கு ஏறத்தாழ 3 டொலராயிருந்த குறிப்பு விலை, 1974 ஜனவரியில் 11.65 டொலராயிற்று. 1960 இற் பக்தாத்திற் பிறந்த எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் அமைப்பு தன் உரிமையை நிலைநாட்டியமை வரலாற்று நியாயமுடையதே. ஆயினும் அதன் சுமை, எண்ணெயற்ற வறிய நாடுகளின்மீதே மிகுந்து வீழ்ந்தது. மூன்றாம் உலகம் என்ற பொதுப்பெயர் மறைத்துவைத்த முரண்பாடு அன்று வெளிப்பட்டது.

2012 இல் ஈரான்மீதான அமெரிக்கத் தடைகள் இறுகியபோது, ஈரானிய எண்ணெயையே பெரிதும் நம்பியிருந்த சப்புகஸ்கந்த தன் இயல்பான மூலத்தை இழந்தது. சந்தையை உடைமையாகக் கொண்டும், சுத்திகரிப்பு நிலையத்தை உடைமையாகக் கொண்டும், டொலரை உடைமையாகக் கொள்ளாத நாடு தன் எண்ணெயைத் தானே தெரிவுசெய்ய இயலாது என்பது உறுதியாயிற்று. முன்னர் கப்பலைத் தடுத்தனர். இப்போது வங்கிக்கணக்கைத் தடுத்தால் போதுமானது.

2021 நவம்பரில் அந்நியச் செலாவணி இன்மையால் அந்நிலையம் மூடப்பட்டது. 2022 மே மாதத்தில் இரசிய மசகெண்ணெயைக் கொண்டு மீண்டும் திறக்கப்பட்டது. 1960களிலும் இரசிய எண்ணெய், 2022 இலும் இரசிய எண்ணெய். ஆயின் முன்னையது அரசுக்கும் அரசுக்கும் இடையிலான உடன்படிக்கையின் விளைவு. பின்னையது, துபாயைத் தளமாகக் கொண்ட தனியார் வணிக நிறுவனத்திடம் டொலர் கொடுத்து வாங்கப்பட்டது. பணம் தேடும்வரை கொழும்புக்கு அப்பால் கடலிற் காத்துக்கிடந்தது. ஒரே நிலத்தின் எண்ணெய். வேறுபட்ட சமூக உறவு. நாடுகளின் பட்டியல் இவ்வேறுபாட்டை ஒருபோதும் காட்டமாட்டாது.

2003 இல் இந்தியன் ஒயில் நிறுவனத்தின் வருகையுடன் தளர்ந்த ஏகபோகம், 2023 இற் சீனாவின் சைனோபெக்குடனும், ஷெல்லுடன் இணைந்து செயற்படும் அமெரிக்க நிறுவனமொன்றுடனும் செய்யப்பட்ட ஒப்பந்தங்களால் மேலும் நெகிழ்ந்தது. 1964 இல் வெளியேறிய பெயர்ப்பலகை மீண்டும் வருகிறது.

5

இவ்வரலாற்றிற் பெரும்பாலும் பேசப்படாத ஓர் அத்தியாயம் உண்டு. ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்குரிய 251 மில்லியன் டொலர் கடனைத் தேயிலையாகத் தீர்ப்பதென 2021 டிசெம்பரில் உடன்பாடு காணப்பட்டது. மாதந்தோறும் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலை ஈரானுக்குச் செல்லவேண்டும் என்பது அதன் ஏற்பாடு. பணம் என்னும் திரை விலகியபோது, எண்ணெய்க்கு எதிரே நிறுத்தப்பட்டது மலையகத் தமிழ்த் தொழிலாளரின் உழைப்பே. 1948 இற் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட அம்மக்களின் ஏற்றுமதி உழைப்பே, கொழும்பின் மோட்டார் வண்டிகளுக்கான எண்ணெயை நெடுங்காலமாகப் பெற்றுத்தந்துள்ளது. 2021 இன் உடன்பாடு புதியதொன்றை உருவாக்கவில்லை, இருந்ததை வெளிப்படையாக்கியது.

எனவே, பெற்றோலின் மூலம் எது என்ற வினாவுக்கு இரண்டு முனைகளில் விடை தேடல் வேண்டும். ஒரு முனையில் கூசிஸ்தானின் எண்ணெய்த் தொழிலாளி. மறுமுனையில் நுவரெலியாவிற் கொழுந்து கிள்ளும் பெண். இவ்விருவருக்கும் இடையிலேயே கம்பனி, அரசு, வங்கி, தடை யாவும் நிற்கின்றன. இருவருள் எவரும் விலையைக் குறிப்பதில்லை, மூலத்தைத் தெரிவதுமில்லை. 1964 இல் அத்தெரிவுரிமை கம்பனியிடமிருந்து அரசுக்கு வந்தது. அது முன்னேற்றமே. அது மக்களிடம் வந்து சேரவில்லை என்பதனாலேயே, மீண்டும் கைநழுவிப்போவதும் எளிதாயிற்று. விநியோகத்தை யாரிடம் ஒப்படைப்பது என இன்று நடைபெறும் விவாதங்களில் இவ்வுண்மை இடம்பெறாதவிடத்து, பெயர்ப்பலகைகள் மாறும், வரலாறு மாறாது.