மாத்தளை மலைகளில் அடுப்பின் கதை

அடுப்பு என்னும் சொல்லைக் கேட்டவுடன் சோறும் கறியும் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயினும் மாத்தளை மாவட்டத்தின் வரலாற்றைக் கூறப் புகுவோர் வேறொரு வகை அடுப்பையும் நினைவில் வைத்தல் வேண்டும். அம்மலைச் சாரல்களில் விளையும் தேயிலையும் ஏலமும் புகையிட்ட றப்பரும் நெருப்பின் முகம் காணாமற் கப்பலேறுவதில்லை. எத்தகைய அடுப்பை அமைப்பது, அதில் எதனை எரிப்பது, அதன் புகையை எவ்வழியே போக்குவது என்னும் மூன்று வினாக்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக எழுந்துள்ளன. அவற்றுக்குக் காணப்பட்ட விடைகளிலே அம்மாவட்டத்து மக்களின் வாழ்வும் அடங்கியிருக்கின்றது.

தொடக்கத்திலே ஞாயிறுதான் அடுப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மாத்தளைக் குன்றுகளிற் கோப்பி செழித்திருந்தது. மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து மாத்தளையை அடைந்த தமிழகத் தொழிலாளர் அப்பயிரை வளர்த்தனர், பழம் பறித்தனர், தோல் நீக்கிய விதைகளைக் களத்திற் பரப்பிக் காயவைத்தனர். மழை வந்தால் அள்ளுவர். வெயில் வந்தால் மீண்டும் விரிப்பர். 1869ஆம் ஆண்டில் இலங்கையிற் காணப்பட்ட இலைத்துரு நோய் அந்தச் செல்வத்தை அழித்தது. 1880ஆம் ஆண்டில் மாத்தளைக்கு இருப்புப்பாதை வந்து சேர்ந்தபோது, அது ஏற்றிச் செல்லவேண்டிய கோப்பியே மறைந்துகொண்டிருந்தது.

கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்தது. அதனோடு அடுப்பும் தோட்டத்தினுட் புகுந்தது. கோப்பி விதை வெயிலுக்காகக் காத்திருக்கும். தேயிலைக் கொழுந்தோ காத்திராது. கொழுந்தை வாட்டி உருட்டிய பின், காற்றுப்பட்டு அது செம்பு நிறமடைகின்றது. அம்மாற்றத்தை உரிய வேளையில் நிறுத்தாவிடின் சுவை கெட்டுவிடும். அதனை நிறுத்த வல்லது வெப்பமே. மழை பெய்யும் நள்ளிரவானாலும் அடுப்பு எரிந்தே ஆகவேண்டும்.

கண்டிப் பகுதியிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867ஆம் ஆண்டில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், முதலிற் கையாண்டது களிமண் அடுப்பும் மரக்கரியுமே. கம்பி வலைத் தட்டிற் கொழுந்தைப் பரப்பிக் கனலின் மேல் வைப்பார்கள். இம்முறையில் இரு குறைகள் இருந்தன. மரக்கரி சுடுவதற்குப் பெருந்தொகையான மரம் தேவைப்பட்டது. அன்றியும், கனலிலிருந்து எழும் ஆவி நேரே இலையினூடாகச் சென்றது. சிறிது புகைந்தாலும் அந்த நாற்றம் தேயிலையிற் படிந்தது.

இக்குறைகளைத் தீர்க்கப் பலர் முயன்றனர். அவருட் பெரும்பெயர் பெற்றவர் சாமுவேல் டேவிட்சன். அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரைச் சேர்ந்த அவர், 1864ஆம் ஆண்டில் இளைஞராக இந்தியாவின் வடகிழக்குத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர். அவர் கண்ட வழி எளிமையானது. நெருப்பு ஓர் இரும்புக் கூட்டினுள் எரியும். அதன் புகை குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போய்விடும். அக்கூட்டின் வெளிப்புறத்தைத் தொட்டுச் சூடேறிய தூய காற்று மட்டுமே இலைக்குச் செல்லும். நெருப்பின் காற்று வேறு, இலையின் காற்று வேறு. சகாராப் பாலைவனத்திலிருந்து மத்தியதரைக் கடல்மீது வீசும் வெப்பக் காற்றின் பெயரான 'சிரோக்கோ' என்பதையே அவர் தம் பொறிக்குச் சூட்டினார். 1881ஆம் ஆண்டில் பெல்பாஸ்டில் அவர் தொடங்கிய தொழிற்சாலையின் பொறிகள் இலங்கைத் தோட்டங்களுக்கும் வந்தன. பிற்காலத்தில் அவர் அமைத்த விசிறிகள் போர்க்கப்பல்களின் கொதிகலன் அறைகளுக்குக் காற்றூட்டவும் பயன்பட்டன.

அடுப்பைப் பெற்றுவிட்டால் மட்டும் போதாது. அதனை ஆளத் தெரிதல் வேண்டும். உலர்த்தும் பொறியினுட் செல்லும் காற்று ஏறத்தாழ 90 முதல் 100 பாகை செல்சியஸ் வரை சூடாக இருத்தல் வேண்டும். சூடு குறைந்தால் இலை தன் நீரிலேயே வெந்து மந்தமான சுவை பெறும். சூடு மிகுந்தால் மேற்புறம் மட்டும் காய்ந்து இறுகி, உள்ளே ஈரம் தங்கும். அத்தகைய தேயிலை பெட்டியிற் பூஞ்சணம் பிடிக்கும். முடிவில் நூற்றுக்கு மூன்று பங்களவு ஈரமே எஞ்சவேண்டும். விறகு ஈரமாயின், அவ்விறகின் நீரை ஆவியாக்குவதிலேயே வெப்பத்தின் ஒரு பகுதி வீணாகும். ஆகையால் விறகைப் பிளந்து, கூரையின் கீழ் அடுக்கிக் காயவைத்த பின்னரே எரிப்பது முறை. குழாயில் ஒரு வெடிப்பு ஏற்பட்டுப் புகை கசிந்தாலோ, அன்றைய தேயிலை முழுவதும் புகை நாறும்.

மாத்தளையின் சிறப்பு யாதெனில், அம்மாவட்டத்தில் ஒரே வகை அடுப்பு இல்லை என்பதாம். றப்பர்ப் பாலைத் தகடாக்கிப் புகைக்கூடத்திலே தொங்கவிடுவோர் புகையை விரட்டுவதில்லை, வரவேற்கின்றனர். அப்புகையிலுள்ள பொருள்கள் தகட்டிற் பூஞ்சணம் படராமற் காக்கின்றன. ஏலக்காய்க்கோ மென்மையான சூடு வேண்டும். அறைக்கு வெளியே அடுப்பெரித்து, தரையோரமாகச் செல்லும் குழாய்களால் உள்ளறையைச் சூடாக்கி, 45 முதல் 55 பாகை வெப்பத்திலே ஒரு நாளுக்கு மேலாக உலர்த்தினால்தான் அதன் பச்சை நிறம் கெடாது.

இவ்வடுப்புகளுக்கெல்லாம் இரை கொடுத்தது காடு. நக்கிள்ஸ் எனவும் தும்பறை எனவும் வழங்கும் மலைத்தொடரில் ஏலம் காட்டு நிழலிலேயே பயிரிடப்பட்டது. உலர்த்தும் கூடங்களும் காட்டினுள்ளேயே எழுந்தன. விறகும் அங்கேயே வெட்டப்பட்டது. பயிருக்காகக் கீழ்ச்செடிகளும் அடுப்புக்காக மரங்களும் அழிந்தன. 2000ஆம் ஆண்டில் அம்மலைக்காடு பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டில் இலங்கையின் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. காடு காப்பாற்றப்படவேண்டியதே; எனினும் ஏலத்தை நம்பியிருந்த சிற்றூர்க் குடும்பங்கள் பிழைப்புக்கு வேறு வழி தேட நேர்ந்தது.

தேயிலைத் தொழிற்சாலைகளோ இடையில் வேறொரு வழியையும் நாடின. இரண்டாம் உலகப் போருக்குப் பின் எண்ணெய் மலிவாகக் கிடைத்த காலத்தில், பல தொழிற்சாலைகள் விறகைக் கைவிட்டு எண்ணெய் அடுப்புக்கு மாறின. வெட்டவும் சுமக்கவும் ஆள் வேண்டியதில்லை. திருகைத் திருப்பினாற் சூடு ஏறும், இறங்கும். ஆனால் 1973ஆம் ஆண்டின் இறுதியில் உலகச் சந்தையிலே எண்ணெய் விலை சில திங்களுக்குள் ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. 1979ஆம் ஆண்டில் மீண்டும் ஏறிற்று. வந்த வழியே தொழிற்சாலைகள் விறகுக்குத் திரும்பின. பால் வற்றிய றப்பர் மரங்கள் தேயிலை அடுப்புக்கு இரையாயின. இரு பயிர்களும் ஒருங்கே விளையும் மாத்தளை போன்ற இடங்களில், ஒன்றின் முதுமை மற்றொன்றுக்கு விறகாயிற்று.

இதுவரை கூறியது பண்டத்தைக் காய்ச்சிய அடுப்பின் கதை. மனிதரைக் காய்ச்சிய அடுப்பொன்றும் உண்டு. பழைய லயங்களிற் பலவற்றில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த காம்பரா ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. சமையலும் துயிலும் அதற்குள்ளேதான். மழையும் பனிமூட்டமும் சூழும் மலைச்சாரலில், சோறாக்கும் அடுப்பே குளிர்காயும் அடுப்பும் ஆகும். ஈர விறகு அதன் மேற்பரணிற் காயும். ஈரத் துணியும் அதன் அருகே உலரும். குழந்தையும் அங்கேயே உறங்கும். ஆனால் அவ்வடுப்புகளிற் பலவற்றுக்குப் புகைபோக்கி இருந்ததில்லை. தேயிலையிற் புகை படக்கூடாது என்று இரும்புக் குழாய் அமைத்த அதே தோட்டங்களில், அத்தேயிலையைக் கொய்த பெண்ணின் நெஞ்சிற் புகை படுவதைத் தடுக்க ஒரு குழாய் அமைக்கப்படவில்லை.

புகைக்குழாயின் அருமையை நன்கறிந்தோர் குளிர்க்கடலிற் படகோட்டுவோர். அவர்தம் படகின் சிற்றறை, லயக் காம்பராவினும் சிறியது. அதிலே டீசலாற் கணகணக்கும் சிறிய அடுப்பொன்றை வைப்பர். எண்ணெய் அடைப்பான் வழியாகச் சொட்டுச் சொட்டாக எரிகலத்தினுள் விழும். புகை குழாய் வழியே மேற்றளத்தைக் கடந்து வெளியேறும். குழாய் அடைத்தாலோ, காற்று வரும் வாயில் மூடினாலோ, நிறமும் மணமும் அற்ற காபன் மொனொட்சைட்டு அறையில் நிரம்பித் துயில்வோரைத் துயிலிலேயே கொன்றுவிடும். ஆகையால் அடுப்பைத் தேர்வோர் முதலில் அதன் சூட்டைப் பார்ப்பதில்லை. அதன் புகை போகும் வழியையே பார்ப்பர்.

இலங்கையில் 1980களில் 'அனகி' என்னும் இரட்டை மண்ணடுப்பு பரவலாயிற்று. அது விறகைச் சிக்கனமாக்கியது. ஆயினும் அதற்கும் தனியே புகைபோக்கி கிடையாது. வீட்டுக்குத்தான் அதனை அமைக்கவேண்டும். 2022ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி வற்றி, டீசலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, நகரத்து வீடுகளும் விறகடுப்பை நாடின. அப்போது பலர் முதன்முறையாகக் கண் கசக்கினர். வீட்டுப் புகையால் உலகெங்கும் 2020ஆம் ஆண்டில் மட்டும் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது.

ஒருகாலத்தில் வெயில், பின்னர் மரக்கரி, விறகு, எண்ணெய், மறுபடியும் விறகு எனக் காலத்துக்குக் காலம் எரிபொருள் மாறிற்று. விலைதான் அதனை மாற்றிற்று. ஆனால் இலையின் காற்றினின்று நெருப்பின் காற்றைப் பிரிக்கும் வழி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டுவிட்டது. அதற்குப் பெரும் பொருட்செலவும் வேண்டியதில்லை; ஒரு குழாயும் கூரையில் ஒரு துளையும் போதும். எல்கடுவையிலோ இறத்தோட்டையிலோ புதிய வீடமைக்கும் எவரும், சுவரை எழுப்புமுன் அத்துளைக்கு இடம் குறிப்பாராயின், தேயிலைக்கு என்றோ கிடைத்த நன்மை அதனைக் கொய்வோருக்கும் கிடைத்ததாகும்.