கிராமத்துப் பிள்ளைகளும் பெங்களூர் ஆராய்ச்சியும்

பெங்களூரின் தொம்மலூர் ஒரு காலத்தில் தனிக் கிராமமாக இருந்தது. அங்குள்ள சொக்கப்பெருமாள் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் அவ்வூரைத் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் குறிக்கின்றன. ஏரியும் வயலும் போய் வீதிகள் வந்தபின், அங்குக் குடியேறிய நம்மவரிடையே ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. "பட்டணம் பிள்ளைகளைக் கெடுக்கிறது, கிராமத்தில் வளர்ந்தால் ஒழுங்காக இருப்பார்கள்" என்பதே அது. இதனை வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முரட்டுப் பிள்ளையை அரசாங்கம் முதலில் குற்றவாளியாகவே கண்டது. 1897ஆம் ஆண்டின் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் அத்தகையது. 1920இல் சென்னை மாகாணம் இயற்றிய சிறுவர் சட்டம், இந்திய மாகாணங்களில் அவ்வகையில் முதலாவது. சிறுவரைப் பெரியோரினின்று பிரித்து விசாரிக்க அது வழிவகுத்தது. ஆயினும் திருடாத, பிடிபடாத கிராமத்துச் சிறுவன் எவர் கண்ணிலும் படவில்லை.

மருத்துவமும் நெடுங்காலம் நகரத்திலேயே தங்கிவிட்டது. பெங்களூர் மனநோய் மருத்துவமனை 1954இல் அகில இந்திய மனநல நிலையமாக உயர்ந்தது. 1974இல் 'நிம்ஹான்ஸ்' என்னும் தேசிய நிலையமாயிற்று. அடுத்த ஆண்டே அது சமூக மனநலப் பிரிவொன்றைத் தொடங்கியது. பன்னர்கட்டாச் சாலைப் பக்கமுள்ள சக்கலவாரா கிராமத்தில் நிறுவிய நிலையத்தின்மூலம், ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் கிராமச் சுகாதார ஊழியர்களுக்கும் பயிற்சியளித்தது. மருத்துவர் நோயாளியைத் தேடிச் சென்றது, என் கருத்தில், கட்டடங்கள் எழுப்பியதினும் பெரிய செயல்.

2005இல் வெளியான ஆராய்ச்சியொன்று நமது பேச்சுக்கே விடை கூறுகிறது. பெங்களூரின் நடுத்தர வகுப்பார் பகுதி, சேரிப் பகுதி, சுற்றுக் கிராமம் ஆகிய மூவிடங்களிலும் 16 வயதுக்குட்பட்ட 2,064 பிள்ளைகளை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். நூற்றுக்கு 12.5 பேரிடம் மன அல்லது நடத்தைக் கோளாறு காணப்பட்டது. மூவிடங்களுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை! கிராமம் காப்பாற்றவுமில்லை, பட்டணம் கெடுக்கவுமில்லை.

அவர்கள் கண்டவை யாவை? குழந்தைகளிடம், அழுகையில் மூச்சடங்குதலும் மண் முதலியவற்றைத் தின்னுதலும். சற்றுப் பெரியவர்களிடம், படுக்கையில் சிறுநீர் கழித்தல், அச்சம், ஓரிடத்தில் நில்லாத துறுதுறுப்பு, திக்குதல், எதிர்த்து நிற்றல். நம் பாட்டிமார் இவற்றை நன்கறிவர். ஆனால் மண் தின்றால் பூச்சி, பயந்தால் காற்றுக் கருப்பு, எதிர்த்தால் திமிர் என்று தனித்தனியே காரணம் கூறி முடித்துவிடுவர். தம் பிள்ளைக்கு ஒரு குறை உண்டென உணர்ந்த குடும்பங்கள் 37.5 விழுக்காடே என்ற செய்தியில் அதனால் வியப்பில்லை.

அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பது நமது பழமொழி. இவ்வாராய்ச்சியிலோ, அடிபட்டு வளரும் பிள்ளைகளிடமும் பெற்றோர்க்கு மனநோய் உள்ள பிள்ளைகளிடமுமே இக்கோளாறுகள் மிகுதியாகத் தென்பட்டன. அடியினால் கோளாறு வந்ததா, கோளாற்றினால் அடி விழுந்ததா என்பதை இத்தகைய கணக்கெடுப்பு மட்டும் தீர்த்துச் சொல்லாது. ஆயினும் அடித்துத் திருத்திவிட்டோம் என்போர்க்கு அதில் ஆதரவு இல்லை.

வேற்று மொழிப் பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகள் திறத்தில் இன்னொரு இடரும் உண்டு. திக்கும் சிறுவனைக் கன்னடம் வராதவன் என்று ஆசிரியர் எண்ணலாம். வீட்டிலோ அவன் வாய்பேசாத சாதுவென்று பெயர் பெற்றிருப்பான். தொம்மலூரினின்று சில கல் தொலைவிலேயே ஒசூர்ச் சாலையில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. பிள்ளைகளுக்கெனத் தனிப்பிரிவும் அங்கு உண்டு. எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்தும் பெற்றோர் அங்கு வருகின்றனர்.