காலம் தப்பிய மலையாத்திரை



குறிஞ்சி நிலத்துக்குரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். சிறுபொழுது யாமம் என்பது தொல்காப்பியர் வகுத்த முறை. கூதிர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும். மலை அழகு மிகுந்து தோன்றும் காலமும் அதுவே; மலைவழி கொடியதாகும் காலமும் அதுவே. ஆகவேதான் அகப்பாடல்களில் தோழி, "இரவில் இந்த வழியே வரவேண்டாம்" எனத் தலைவனைத் தடுக்கின்றாள். இதனை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு: "சேர், அந்த மாதங்களில் சிவனொளிபாதமலைக்குப் போகலாமா?"

இக்கேள்விக்கு விடை சொல்ல வரலாற்றில் ஒரு யாத்திரிகர் இருக்கின்றார். அவர் மொறோக்கோ நாட்டவரான இப்னு பதூதா.

இம்மலைக்குரிய யாத்திரைக் காலம் டிசெம்பர் மாதப் பூரணையில் தொடங்கி மே மாத வெசாக் பூரணையோடு முடிவடைவது. காரணம் வெளிப்படை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவிலே மோதி மழையைக் கொட்டுகின்றது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களோ இரு பருவங்களுக்கும் இடைப்பட்டவை. காலையில் வெயில் எறிக்கும். பிற்பகலில் இடிமழை பொழியும். வங்கக் கடலில் தாழமுக்கம் உருவானால் எந்தக் கணிப்பும் பிழைத்துவிடும்.

இப்னு பதூதா மாலைதீவிலிருந்து கப்பலேறியது 1344ஆம் ஆண்டு ஓகஸ்ட் பிற்பகுதியில். அவர் போக எண்ணியது தமிழகத்து மாபருக்கு. மூன்று நாளில் முடியவேண்டிய பயணம் ஒன்பது நாளாக நீண்டு, புத்தளக் கரையிலே கொண்டுவந்து விட்டது. கப்பல் தலைவனுக்கு வழி சரியாகத் தெரியாததே அதற்குக் காரணம். அங்கே அவரை வரவேற்றவர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. பாரசீக மொழி அறிந்த அம்மன்னர் முத்துக்களைக் காட்டி, விரும்பியதைக் கேட்கச் சொன்னார். விருந்தினர் கேட்டதோ பாதமலைத் தரிசனம் ஒன்றுதான்.

மன்னர் செய்துகொடுத்த ஏற்பாடு ஈண்டு நோக்கற்பாலது. ஒரு பல்லக்கு; ஆண்டுதோறும் அம்மலைக்குப் போய்ப் பழகிய யோகிகள் நால்வர்; பிராமணர் மூவர்; மன்னரின் ஆட்கள் பதின்மர்; உணவுப் பொருள் சுமக்கப் பதினைவர். ஒரு விருந்தினருக்காக முப்பத்திரண்டு பேர்! கப்பல் தலைவனோ, ஓராண்டு சென்றாலும் காத்திருப்பதாகச் சொன்னான். திரும்பவேண்டிய நாள் என்ற நெருக்கடி யாத்திரிகருக்கு இல்லாமற் போயிற்று. பருவம் தப்பிய பயணத்துக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை எனலாம்.

கணக்கிட்டுப் பார்த்தால், அவர் மலையை அணுகியது புரட்டாதி அளவிலாதல் வேண்டும். ஈரத்தில் பெருகும் அட்டைகளைப் பற்றி எழுதுகின்றார். அவை கடித்தால் பிழிந்துவிடத் தேசிக்காய் ஆயத்தமாக இருந்ததென்கின்றார். செங்குத்தான பாறைகளில் பத்துச் சங்கிலிகளைப் பிடித்து ஏறினார். உச்சியிலிருந்து நோக்கியபோது முகில்கள் காலின் கீழே திரண்டு மலையடிவாரத்தை மறைத்திருந்தனவாம். பாதத்துக்கு அருகேயுள்ள குகையில் மூன்று நாள் தங்கிக் காலையும் மாலையும் தரிசித்தார். ஒரே இரவில் ஏறி விடியலோடு இறங்கும் அவசரம் அவரிடம் இல்லை.

மலையிலிருந்து நலமே திரும்பியவருக்குக் கடலில்தான் இடர் வந்தது. புத்தளத்திலிருந்து மாபருக்குப் போகையில் புயலில் சிக்கிப் பாய்மரத்தை வெட்டிவிட நேர்ந்தது. உடைந்த கப்பலிலே ஓர் இரவைக் கழித்தபின்பே அவர் மீட்கப்பட்டார். மலையில் வழிகாட்டியவர்கள் வழியறிந்தவர்கள். கடலில் வழிகாட்டியவன் அறியாதவன். இவ்வேறுபாட்டையே நான் மாணவர்க்கு எடுத்துக் கூறுவது வழக்கம்.

இன்று பருவம் தப்பி ஏறுவோருக்குப் படிகளில் விளக்கில்லை. தேநீர்க் கடைகளும் மூடிக்கிடக்கும். ஆதலால் வானிலை அறிக்கையையும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பார்த்தே புறப்படவேண்டும். ஊரறிந்த ஒருவர் துணை வேண்டும். கைவசம் மேலதிகமாக இரண்டொரு நாளாவது இருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, "இன்று வேண்டாம்" என்று அவர் சொன்னால் திரும்பிவிடும் மனம் வேண்டும்.

நேயர்களே, இன்னொன்றையும் மறத்தலாகாது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து, லயன் வீடுகளை மண் மூடியது. அங்கே மாண்டவர்கள் யாத்திரிகர்கள் அல்லர், தோட்டத்து மக்கள். நமக்கு ஐப்பசி மலை என்பது போவதா விடுவதா என்று தீர்மானிக்கக்கூடிய ஒரு பயணம். அவர்களுக்கோ அது வீடு. தோழியின் எச்சரிக்கையைத் தலைவன் கேட்டுத் திரும்பிப் போகலாம். மலையிலேயே வாழ்பவர் எங்கே திரும்புவது? பாதுகாப்பான நிலத்தில் அவர்களுக்கு வீடு அமைத்துக் கொடுப்பதே அதற்கான விடையாகும்.