வெயில் முற்றம் முதல் மின் உலர்த்தி வரை



பங்குனி பிறந்துவிட்டால் நம் வீட்டு மாடிகளிலே பாய் விரித்து வற்றலும் வடகமும் காயவைப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். காகத்தை ஓட்டுவதற்காகக் கையிற் கோலுடன் ஒரு சிறுவனை அருகே அமர்த்துவதும் உண்டு. இவ்வேலை எளியதாகத் தோன்றும். ஆயினும், மனித இனத்தைப் பஞ்சத்தினின்றும் காத்த பெருங்கலைகளுள் இதுவும் ஒன்று. இன்று அதே வேலையை, அடுக்கிய தட்டுகளும் சூடேற்றும் கம்பியும் சிறு விசிறியும் கொண்ட மின் உலர்த்தி ஒன்று சமையலறை மூலையிலே இருந்துகொண்டு செய்துவிடுகிறது. கருவி புதிது, கலை பழையது. அப்பழங்கலையின் வரலாற்றை அறியாமல் புதுக்கருவியைக் கையாளுவோர்க்கு இடர் நேரக்கூடும். அது எவ்வாறு என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

உலர்த்துதல் எந்த ஒரு நாட்டாரின் தனியுடைமையும் அன்று. நற்றிணையின் நெய்தற் பாடல்களிலே, மீனை வெயிலில் உலர்த்திப் பறவைகளை ஓட்டும் பரதவர் மகளிரைக் காண்கிறோம். உலர்த்தும் பொருளுக்கு 'உணக்கல்' என்ற அழகிய சொல் அந்நாளிலேயே வழங்கியது. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைமக்கள் வேறொரு வழி கண்டனர். இரவுப் பனியிலே உருளைக்கிழங்கை உறையவைத்து, பகலிற் காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலிற் காயவிட்டனர். 'சூன்யோ' எனப்படும் அவ்வுணவு இன்கா அரசின் களஞ்சியங்களிலே ஆண்டுக்கணக்கில் இருந்தது. வடஅமெரிக்கப் பழங்குடியினரோ காட்டெருமை இறைச்சியை உலர்த்தி இடித்து, உருக்கிய கொழுப்புடன் கலந்து 'பெம்மிக்கன்' செய்தனர். ஒருவரை ஒருவர் கண்டறியாத இம்மக்கள் அனைவரும் நீரை நீக்கினால் உணவு நிலைக்கும் என்ற ஒரே உண்மையைக் கண்டனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இக்கலை வெயில் முற்றத்தை விட்டு ஆலைக்குட் புகுந்தது. 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரிலும், 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரிலும், சூடான காற்றால் உலர்த்தி அழுத்திய காய்கறிக் கட்டிகளைப் படைகளுக்கு அனுப்பினர். ஸ்கர்வி என்னும் நோயினின்று வீரரைக் காப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. ஆனால் அந்நோயைத் தடுக்கும் வைட்டமின் சி, வெப்பத்தாலும் காற்றாலும் பெரும்பாலும் அழிந்துபோகும் என்பதை அக்காலத்தார் அறியார். உணவின் உருவம் எஞ்சியது. அதன் உயிர்ச்சத்து எஞ்சவில்லை. உலர்த்துவோர்க்கு வரலாறு தந்த முதற்பாடம் இது.

இரண்டாம் பாடத்தை விளங்கிக்கொள்ள ஒரு கேள்வி கேட்போம். தேனில் நீர் உண்டு. ஆயினும் அது கெடுவதில்லை. ஏன்? இதற்குரிய விடையைத் தெளிவாக்கியவர்களுள் ஒருவர் ஆஸ்திரேலிய அறிஞர் டபிள்யூ. ஜே. ஸ்காட். 1953-இல் வெளிவந்த அவருடைய ஆய்வு, உணவில் நீர் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டிலும், நுண்ணுயிர்கள் பயன்படுத்தத்தக்க நீர் எவ்வளவு இருக்கிறது என்பதே முக்கியம் என்று காட்டியது. தூய நீரின் அளவை 1 என்று கொண்டால், இவ்வளவு 0.85-க்குக் கீழே இறங்கியபின் நோய்தரும் பாக்டீரியாக்கள் பெருகா. பூஞ்சைகளுட் சில 0.60 வரையிலும் தாக்குப்பிடிக்கும். உப்பும் சர்க்கரையும் நீரைத் தம்மோடு பிணைத்துக்கொள்வதால் அவையும் இவ்வேலைக்குத் துணைசெய்கின்றன. மோர்மிளகாய்க்கும் கருவாட்டுக்கும் உப்பிட்ட நம் பாட்டியர் இக்கணக்கை அறியாமலே அதன் பயனை அறிந்திருந்தனர்.

இங்கே நீங்கள் ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். 'பெருகா' என்றேனேயன்றி 'மடியும்' என்று கூறினேன் அல்லேன். உலர்த்துதல் நுண்ணுயிரைக் கொல்வது அன்று. பெரும்பாலும் உறங்கவைப்பதே ஆகும். ஈரம் மீண்டால் உறக்கம் கலையும்.

அரைகுறையாக உலர்த்துவதன் விளைவை நம் நாடே கண்டது. 1974-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே இராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் அடுத்தடுத்த மாவட்டங்களில், பருவந்தவறிப் பெய்த மழையால் மக்காச்சோளம் நனைந்தது. அதை நன்கு உலர்த்தாமலே சேமித்தனர், பூஞ்சை படர்ந்தது. வேறு உணவில்லாத ஏழை மக்கள் அதையே உண்டனர். கல்லீரல் கெட்டு 397 பேர் நோயுற்றனர். அவர்களுள் 106 பேர் மாண்டனர். அவ்வீடுகளின் நாய்களும் தப்பவில்லை. காரணம் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு. 1960-இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தபோது, அவற்றின் தீனியாகிய கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்து கண்டறியப்பட்ட நஞ்சு அது. 'ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ்' என்னும் பூஞ்சையின் பெயரிலிருந்தே அதன் பெயரும் அமைந்தது. சாதாரணச் சமையலின் வெப்பத்தால் அது முற்றும் அழிவதில்லை. ஆகவே பூஞ்சை கண்ட பொருளைத் துடைத்து, வறுத்து உண்ணலாம் என்று எண்ணுதல் பெருந்தவறு.

கருவி இருந்தால் இவ்விடர் நீங்கிவிடுமா? 1995-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலே, வீட்டில் உலர்த்திய மான் இறைச்சியை உண்டவர்களிடையே ஈ. கோலை என்னும் பாக்டீரியாவின் கொடியவகையால் நோய் பரவியது. உலர்த்தியின் காற்று சூடாக இருப்பினும், நீர் ஆவியாகும்போது இறைச்சி குளிர்ச்சியடைகிறது. வேர்வை உலரும்போது நம் உடல் குளிர்வதைப் போன்றது இது. அதற்குள் மேற்புறம் உலர்ந்துவிட, உலர்நிலையிலுள்ள பாக்டீரியா முன்னிலும் அதிக வெப்பத்தைத் தாங்க வல்லதாகிறது. ஆதலால், இறைச்சியை முதலில் உட்பகுதி 71 பாகை செல்சியஸ் அடையுமாறும், கோழியிறைச்சியை 74 பாகை அடையுமாறும் சூடாக்கிய பின்னரே 54 முதல் 60 பாகை வரையில் உலர்த்தவேண்டும் என்று அந்நாட்டு வேளாண்மைத் துறை அறிவுறுத்துகிறது.

காய்கனிகளுக்கும் முறை உண்டு. கைகளையும் தட்டுகளையும் தூய்மை செய்க. ஒரே கனமுள்ள மெல்லிய துண்டுகளாக நறுக்கி, ஒன்றன்மேல் ஒன்று படாமற் பரப்புக. காய்களுட் பெரும்பாலானவற்றைக் கொதிநீரிலோ ஆவியிலோ சிறிதுநேரம் வாட்டி எடுத்தால், நிறத்தையும் சுவையையும் கெடுக்கும் நொதிகள் அடங்கும். சுமார் 57 பாகை வெப்பமே போதும். விரைவில் முடியட்டும் என்று வெப்பத்தை ஏற்றினால் மேல்தோல் இறுகிவிடும். உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி அங்கேயே தங்கும். பார்வைக்குக் காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருக்கும் அப்பொருளே பின்னர் பூஞ்சைக்கு விருந்தாகிறது.

காய் உலர்ந்ததா என்பதைக் கைதான் சொல்லவேண்டும். ஆறவிட்டு வளைத்தால் மளுக்கென்று ஒடியவேண்டும். பழமாயின், பிழிந்தால் ஈரம் கசியலாகாது. பின்னர் உலர்ந்த பழத்தைக் கண்ணாடிச் சாடியில் மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி மூடி, ஏழு முதல் பத்து நாள்வரை நாள்தோறும் குலுக்கிப் பாருங்கள். சாடியின் உட்புறத்தில் நீர்த்துளி அரும்பினால் மீண்டும் உலர்த்துங்கள். பூஞ்சை கண்டால் தயங்காமல் எறிந்துவிடுங்கள். ஐப்பசி மழைக்காற்று சாடிக்குட் புகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இளைஞர்களே! பொத்தானை அழுத்தியதும் நம் பொறுப்பு முடிந்தது என்ற எண்ணமே கருவிக் காலத்தின் பெரும் பிழை. மாடியிலே வற்றல் காயவைத்த மூதாட்டி அந்தியில் ஒன்றை எடுத்து ஒடித்துப் பார்ப்பாள். ஒடியாவிட்டால், "இன்னும் ஒரு வெயில் வேண்டும்" என்பாள். மறுநாள் மீண்டும் பாய் விரிப்பாள். சூரியனுக்குப் பதிலாக மின்சாரம் வந்திருக்கலாம். ஒடித்துப் பார்க்கும் அந்தக் கைக்குப் பதிலாக இன்னும் எதுவும் வரவில்லை.