கூடைப்பந்தாட்டப் பயிற்றுநர் ஜோன் மக்லென்டன்

விளையாட்டின் விதிகள் ஆடுவோர் அனைவர்க்கும் பொதுவானவை. ஆயின், ஆடுகளத்தினுட் புகும் உரிமையோ எல்லோர்க்கும் எக்காலத்தும் பொதுவாக இருந்ததில்லை. ஐக்கிய அமெரிக்காவிற் கறுப்பின மக்கள் வெள்ளையரோடு ஒரே களத்தில் நின்று ஆடுதல் பல மாநிலங்களில் விலக்கப்பட்டிருந்தது. அத்தடையைத் தம் தொழிலாலேயே எதிர்த்து நின்றவர் கல்லூரிக் கூடைப்பந்தாட்டப் பயிற்றுநர் ஜோன் மக்லென்டன்.

அவர் 1915 ஆம் ஆண்டு கன்சாஸ் மாநிலத்திற் பிறந்தவர். உடற்கல்வி பயில விரும்பிக் கன்சாஸ் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். அங்கே அவர்க்கு ஆசிரியராய் வாய்த்தவர் ஜேம்ஸ் நெயிஸ்மித். 1891 இல் பீச்சுப் பழக்கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டி, இவ்விளையாட்டை உலகிற்கு ஆக்கித் தந்தவர் அவரே. ஆயினும், கறுப்பின மாணவர்க்குப் பல்கலைக்கழக அணியில் இடமில்லை. ஆட்டத்தை ஆக்கியவரிடமே பாடங்கேட்ட மாணவர், அந்த ஆட்டத்தைத் தம் பல்கலைக்கழகத்திற்காக ஆட இயலாதவராய் 1936 இற் பட்டம் பெற்று வெளியேறினார்.

பின்னர் வட கரோலைனா மாநிலத்து டர்ஹம் நகரிலே, கறுப்பின மாணவர்க்கென இருந்த கல்லூரியொன்றிற் பணியேற்று, 1940 இல் அதன் தலைமைப் பயிற்றுநரானார். பந்தைப் பொறுமையாகக் கைமாற்றிக்கொண்டு வாய்ப்புக்காகக் காத்திருப்பதே அக்காலத்துப் பெருவழக்கு. மக்லென்டனோ, பந்து கைக்கு வந்தவுடனேயே, எதிரணியினர் தம் காப்புநிலைக்குத் திரும்புமுன், விரைந்து முன்னேறித் தாக்குமாறு பயிற்றினார். இம்முறைக்கு இளைப்பறியா உடல்வலி வேண்டும். ஆகவே, தம் மாணவரை நெடுந்தூரம் ஓடவைத்துப் பழக்கினார்.

அம்முறை எத்துணை வலியது என்பது 1944 மார்ச் 12 ஆம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, புலனாயிற்று. அதே நகரிலிருந்த டியூக் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி மாணவர் திறமை மிக்க அணியொன்றை அமைத்திருந்தனர். அவர்கள் வெள்ளையர். இரு அணிகளும் வெளிப்படையாகச் சந்தித்தல் அந்நகரிற் பேராபத்து. எனவே, ஊரார் தேவாலயங்களில் இருக்கும் காலைவேளையைத் தேர்ந்தனர். டியூக் மாணவர் சுற்றுவழியாக மறைவாய் வந்தனர். அரங்கின் கதவு பூட்டப்பட்டது. ஆட்டமுடிவில் மக்லென்டனின் மாணவர் 88, விருந்தினர் 44. அதன்பின் நிகழ்ந்ததே இன்னும் சிறப்புடையது: இரு சாராரும் தம் அணிகளைக் கலந்து, மீண்டும் ஓர் ஆட்டம் ஆடினர். நகரம் அதனை அறியவில்லை. வரலாற்றாசிரியர் ஸ்கொட் எல்ஸ்வேர்த் 1996 இல் எழுதிய பின்னரே அது பலர்க்கும் தெரியவந்தது.

மறைவில் நிலைநாட்டியதை மக்லென்டன் பின்னர் ஊரறியவும் நிலைநாட்டினார். டெனசி மாநிலத்திற் கறுப்பின மாணவர் பயின்ற அரச கல்லூரியின் பயிற்றுநராகி, 1957, 1958, 1959 என மூன்றாண்டுகள் தொடர்ந்து தேசியக் கல்லூரிச் சங்கமொன்றின் வெற்றிப் பட்டத்தைத் தம் அணிக்கு ஈட்டித் தந்தார். அப்போட்டிகளில் வெள்ளையர் கல்லூரிகளும் பங்குபற்றின. 1966 இற் கிளீவ்லன்ட் அரச பல்கலைக்கழகம் அவரைத் தலைமைப் பயிற்றுநராய் அமர்த்தியது. வெள்ளை மாணவர் பெரும்பான்மையாயுள்ள பல்கலைக்கழகமொன்றில் அப்பதவியைப் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே.

தம் ஆசிரியர் நெயிஸ்மித்தின் பெயர் தாங்கிய கூடைப்பந்தாட்டப் புகழ்மண்டபம் 1979 இல் அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆயின், விளையாட்டிற்குத் தொண்டாற்றியோர் வரிசையிலேயே அன்று இடமளித்தது. அவர் 1999 இற் காலமானார். பயிற்றுநர் என்னும் உரிய வரிசையில் அவர் பெயர் பொறிக்கப்பட்டதோ 2016 இல்தான். தாமதமாக வந்த அந்த மதிப்பு, விரைவையே தம் மாணவர்க்குக் கற்பித்த ஆசிரியர், நீதிக்காக எத்துணைக் காலம் பொறுத்திருக்க நேர்ந்தது என்பதை நன்கு உணர்த்துகின்றது.