பிள்ளைக் காம்பரா யாருக்காக?

பதுளை, பசறை, லுணுகலை, ஹப்புத்தளை என்று இலங்கையின் ஊவாவில் எந்தப் பக்கத்துத் தோட்டமானாலும் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு அருகே ஒரு பிள்ளைக் காம்பரா இருக்கும். பழைய காம்பராக்கள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. தகரக் கூரை, சிமெந்துத் தரை, மேலே வளையில் வரிசையாகக் கட்டிய சேலை ஏணைகள், மலைக்கு ஏற வலுவில்லாத ஒரு வயதான அம்மா ஆயாவாக. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்னால் தாய் பிள்ளையை அங்கே விடுவாள். காலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்ததும் ஓடி வந்து பால் கொடுப்பாள், மறுபடி மலைக்கு ஏறுவாள். தோட்டத்துப் பிள்ளைகளின் நலன் பற்றிய வரலாற்றை இந்தக் காம்பராவிலிருந்து தொடங்கி, துரைமார் செய்த நல்ல காரியமாக எழுதும் வழக்கம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தாயின் இரண்டு கைகளையும் கொழுந்துக்கு விடுவிக்கத்தான் அது கட்டப்பட்டது; பிள்ளையின் வளர்ச்சி அந்தக் கணக்கில் சேரவேயில்லை. தொடக்கத்தில் விழுந்த இந்தக் கோணல் இன்னும் நிமிரவில்லை.

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்; பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்து, அந்த இடத்தில் தேயிலை வந்ததும் நிலைமை மாறியது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும், அதிலும் பெண்கள் வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாகக் குடியேற்றினார்கள். தோட்டத்துக்கு ஆள் என்றால் ஒரு குடும்பம் முழுவதும்தான். 1929இல் குறைந்தபட்சக் கூலியை விதித்தபோது, மலைநாட்டு உயர்பகுதியில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, சிறுவருக்கு 32 என்று மூன்று விகிதங்கள் எழுதப்பட்டன. சிறுவர் கூலியைச் சட்டமே ஒரு வரியாக ஏற்றுக்கொண்ட காலம் அது. தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்கச் சொன்ன 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் 6 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றித்தான் பேசியது. பிள்ளைக் காம்பராவிலிருந்து லயத்துப் பள்ளிக்கூடம், அங்கிருந்து மலை: பிள்ளையின் பாதை அவ்வளவு சுருக்கமாக வகுக்கப்பட்டிருந்தது.

பக்கத்துக் கிராமத்தில் அதுகூட இல்லையே, தோட்டத்தில் வீடு, மருந்து, பள்ளிக்கூடம் எல்லாம் கொடுத்தார்களே என்று கேட்கலாம். அந்தக் காலத்துக்கு அது ஓரளவு உண்மைதான். ஆனால் 1945க்குப் பிறகு இலவசக் கல்வியும் அரசாங்க ஆஸ்பத்திரியும் கிராமத்துப் பிள்ளையைத் தேடிப் போயின. தோட்டத்துப் பிள்ளை கம்பனியின் பொறுப்பிலேயே விடப்பட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் பெற்றோரின் குடியுரிமையைப் பறித்தது, அதன் பின்னாலேயே வாக்கும் போனது. வாக்கில்லாத மக்களின் பிள்ளைக்காக எந்த மந்திரி வாய் திறப்பார்? 1973, 74இல் அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு வந்து, வேலை நாளும் குறைந்தபோது, தோட்டங்களில் சாவு கூடியதற்கு இந்தக் கைவிடலும் ஒரு காரணம். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பெருமளவில் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1977க்குப் பிறகுதான். முதலில் கிடைத்த சலுகைதான், பிறகு தோட்டத்தைப் பொதுச் சேவைக்கு வெளியே நிறுத்தி வைக்கும் சாக்காகவும் ஆனது.

இன்றைக்கு நிலைமை மாறிவிட்டது என்பது இன்னொரு வாதம், அதில் நியாயமும் உண்டு. குழந்தைச் சாவு பெரிதும் குறைந்திருக்கிறது. 1992இல் தோட்ட நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் போன பிறகு, பல பிள்ளைக் காம்பராக்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாகி, பயிற்சி பெற்றவர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். ஆனாலும் 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார அளவீட்டில், ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் நகரத்தில் 14.7 வீதம், நாடு முழுவதும் 17.3, தோட்டத்தில் 31.7. நகரத்துச் சேரிப் பிள்ளையைப் போலவே ஒற்றைக் காம்பராவில் நெருக்கியடித்து வளரும் தோட்டத்துப் பிள்ளைக்கு, நகரத்தில் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஆஸ்பத்திரியோ சந்தையோ இல்லை. சாவைத் தடுப்பூசியும் மருந்தும் தடுத்துவிடும். உயரத்துக்கு அவை போதாது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது தாய் என்ன சாப்பிட்டாள், பிறந்த பிறகு எத்தனை வேளை பால் கிடைத்தது என்பதில் அது இருக்கிறது. தாய்மாருக்கு விவரம் போதாது, அப்பன்மார் குடிக்கிறார்கள் என்று காரணம் சொல்கிறார்கள். குடி உண்மையான கேடுதான், அதை மூடி மறைக்கக் கூடாது. ஆனால் விடியுமுன் எழுந்து ரொட்டி தட்டி, தேத்தண்ணி வைத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரட்டுக்கு ஓடுகிறவளிடம் குறைவது விவரமல்ல, காசும் நேரமும். 1984 வரை அவளுக்கு ஆணைவிடக் குறைந்த கூலிதான். ஊவாத் தேயிலை பேர்போன வாசனையைப் பெறுவது கச்சான் காற்று வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. அந்த வறட்சியில்தான் கொழுந்தும் குறைகிறது. கிலோ குறைந்தால் முழுநாள் கூலிக்கான முழுப்பேர் விழாது. தேயிலைக்கு நல்ல விலை கிடைக்கும் மாதங்களில் தொழிலாளி வீட்டு அடுப்பு மெலிகிறது.

பிரசவ நன்மைகள் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. பாலூட்டும் தாய்க்கு ஒன்பது மணி நேர வேலைக்குள் இரண்டு இடைவேளை கொடுக்க வேண்டும். பிள்ளைக் காப்பகம் இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம், இருந்தால் அரை மணித்தியாலம். தொழிற்சாலையில் இது பொருந்தலாம். நமுனுகுலைச் சரிவில் மேல்மலையில் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு, இறங்கவும் ஏறவுமே அந்த அரை மணி போய்விடும். காம்பரா இருப்பதாலேயே பிள்ளைக்குத் தாயின் நேரம் பாதியாகக் குறைகிறது. இடைவேளையைக் காம்பரா வாசலில் இருந்து கணக்கிடுவதும், போய்வரும் நேரத்துக்காகப் பேரை வெட்டாமல் இருப்பதும், காம்பராவைக் கம்பனியின் செலவுக் கணக்கிலிருந்து எடுத்துச் சுகாதாரத் திணைக்களத்தின் பொறுப்பில் வைப்பதும் அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையில் தொழிற்சங்கங்கள் நாட்சம்பளத்தோடு சேர்த்து எழுத்தில் கேட்க வேண்டியவை.